கூண்டுக்குள்ளேயே அசுத்தம் செய்கிறாள், என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். தோட்டத்து லயத்தில் இருந்தவரை நாய் வளர்ப்பது ஒரு பிரச்சினையாகவே தெரிந்ததில்லை. அது பாட்டுக்குச் செம்பனைக் காட்டுக்குள் போய்விட்டு வரும். இப்போது தாமான் குடியிருப்பில் வரிசை வீடு. என் மகன் அவன் கூட்டாளி வீட்டிலிருந்து ஒரு பெட்டைக்குட்டியைக் கொண்டுவந்தான். வரும்போது 5 வாரம், இப்போது 9 வாரம். ராணி என்று பெயர். பலரும் சொன்னார்களே என்று பெரிய இரும்புக் கூண்டு வாங்கி, சாக்கு விரித்துப் போட்டோம். நான் பள்ளிக் கெண்டீனில் வேலை செய்கிறேன். காலை 6.30க்குப் போனால் மதியம் 1 மணிக்குத்தான் வருவேன். அதுவரை ராணி கூண்டில்தான். வந்து பார்த்தால் உள்ளேயே எல்லாம் போய் அதன் மேலேயே படுத்திருக்கிறாள். வெளியே விட்டால் நேராகச் சாமி மேடை முன்னால் போய் ஒண்ணுக்குப் போகிறாள். கணவருக்குச் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. அவர் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாலே அங்கேயே சொட்டுச் சொட்டாக விட்டுவிடுகிறாள். அவர் கோபத்தில் அவள் மூக்கை அதில் தேய்க்கிறார், பேப்பரைச் சுருட்டி அடிக்கிறார். ராத்திரி முழுக்க அழுகை வேறு. வீட்டில் இருக்கும் மாமியாருக்கு முட்டிவலி, அதிகம் நடக்க முடியாது. "வாயில்லா ஜீவனைக் கூண்டில் அடைப்பது பாவம், வெளியே சங்கிலியில் கட்டு" என்கிறார். கூண்டு சரியா, தவறா? எத்தனை நாளில் பழகுவாள்?

— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்:

சகோதரி, வணக்கம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியாக இருந்தது, எங்கே, எப்போது, யார் முன்னால் என்று பிரித்து எழுதியிருப்பதுதான். கூண்டுக்குள் போவது, சாமி மேடை முன்னால் போவது, உங்கள் கணவரைப் பார்த்ததும் சொட்டுவது. மூன்றும் தரையில் ஈரம்தான் என்றாலும் மூன்றுக்கும் காரணம் வேறு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுக்கும். அதனால் ஒவ்வொன்றாகப் போவோம்.

முதலில் கூண்டு. நாய்க்குட்டி பிறந்த முதல் இரண்டு மூன்று வாரம் தானாகச் சிறுநீர் கழிக்காது. தாய் நக்கிவிட்டால்தான் வரும், தாயே அதைச் சுத்தமும் செய்துவிடும். கண் திறந்து, தட்டுத்தடுமாறி நடக்க ஆரம்பித்ததும் குட்டிகள் படுக்கும் இடத்தை விட்டுத் தள்ளிப் போய் ஒதுங்கத் தொடங்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் வரும் பழக்கம் இது. கூண்டுப் பயிற்சி முழுக்க இந்த ஒரு பழக்கத்தை நம்பித்தான் நிற்கிறது. படுக்கும் இடத்தை நனைக்கக் குட்டிக்குப் பிடிக்காது, அதனால் கொஞ்ச நேரம் அடக்கிக்கொள்ளும், அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நாம் வெளியே கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

ராணி விஷயத்தில் அந்தப் பழக்கம் ஊன்றுவதற்கு முன்பே தாயை விட்டுப் பிரித்துவிட்டார்கள். 8 வாரமாவது தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருந்திருக்க வேண்டும். இனி அதைப் பேசிப் பயனில்லை. ஆனால் இப்போது நடப்பதை மாற்றலாம். குட்டியின் வயதை மாதக் கணக்கில் எடுத்து அதோடு ஒன்றைக் கூட்டுங்கள். பகலில் அத்தனை மணி நேரம் அடக்க முடிந்தால் அதுவே உச்சம். ராணிக்கு இரண்டு மாதம், ஆக மூன்று மணி நேரம். நீங்கள் போய் வரும் ஆறரை மணி நேரம் எந்தக் குட்டியாலும் முடியாத காரியம். முதல் சில நாள் அவள் அழுதிருப்பாள், சுரண்டியிருப்பாள். யாரும் வரவில்லை, வேறு வழியில்லாமல் படுக்கையிலேயே போயிருப்பாள். தினமும் அதுவே நடந்ததால், படுக்கும் இடத்தில் போவது அவளுக்கு இயல்பாகிவிட்டது. இயல்பாகப் பிடிக்காத ஒன்றை நாம் கட்டாயப்படுத்திப் பழக்கிவிட்டோம். இதைத் திருப்ப முடியும், ஆனால் இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும்.

உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆறரை மணி நேரம் தன் கழிவின் மேல் ஒரு குட்டியைப் படுக்க வைப்பது பாவம்தான், அதை நானும் சொல்வேன். ஆனால் அவர் சொல்லும் சங்கிலி இதற்கு மருந்து அல்ல. சங்கிலியில் நாள் முழுக்கக் கிடக்கும் நாய் அதே இடத்தில்தான் போகும், மிதிக்கும், படுக்கும். போகிற வருகிற ஆளைப் பார்த்துக் குரைத்துக் குரைத்துப் பழகும். வளர்ந்த பிறகு கடிக்கிற நாய் என்று என்னிடம் கொண்டுவருபவற்றில் பல, குட்டியிலிருந்தே சங்கிலியில் வளர்ந்தவை. லயத்தில் நாய் செம்பனைக் காட்டுக்குப் போய்விட்டு வந்தது, அது சரி. தாமானில் அந்தக் காடு இல்லை. அதற்குப் பதிலாக நம் கையால் கதவைத் திறந்துவிட வேண்டும்.

ஆகவே, நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் கூண்டுக் கதவைச் சாத்தாதீர்கள். பின்னால் சமையற்கட்டிலோ துணி துவைக்கும் இடத்திலோ ஒரு பகுதியைப் பலகை வைத்து அடைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓரத்தில் கூண்டு, கதவைத் திறந்து கட்டிவிடுங்கள். தண்ணீர் அதன் பக்கத்தில். எதிர் ஓரத்தில், எட்ட முடிந்த அளவு தூரத்தில், நாலைந்து அடுக்குப் பேப்பர். இப்போது அவளுக்குப் படுக்கை வேறு, ஒதுங்கும் இடம் வேறு என்று ஆகிவிடும். அந்தத் தள்ளிப் போகும் பழக்கம் திரும்ப வருவதற்கு இந்த இடைவெளிதான் தேவை.

இங்கேதான் மாமியாரின் உதவி வேண்டும். அவர் நடக்க வேண்டியதில்லை. காலை ஒன்பதரை வாக்கில் ஒரு தடவை, பதினொன்றரைக்கு ஒரு தடவை பின்கதவைத் திறந்து, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ராணி புல்லில் போகும்வரை பார்த்திருந்து, போனதும் ஒரு வாய் தீனி கொடுத்தால் போதும். பின்புறம் வேலி அடைப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் இதைக் கேட்கும்போது, "உங்களால்தான் அவள் கூண்டில் அடைபடாமல் இருக்கிறாள்" என்று சொல்லிக் கேளுங்கள். அது உண்மையும்கூட.

கூண்டைத் தூக்கிப் போட வேண்டாம். நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்து, வேறு இடத்தில் வையுங்கள். வளர்ந்த நாய்க்கு வாங்கிய கூண்டு என்றால் நடுவில் பலகை வைத்து மறியுங்கள். நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். பெரிய கூண்டில் ஒரு மூலையில் போய்விட்டு இன்னொரு மூலையில் படுத்துக்கொள்வாள், நாம் சொல்லிக்கொடுப்பது எதுவும் ஏறாது. சாக்கை எடுத்துவிடுங்கள். ஈரத்தை உறிஞ்சும் எதுவும் குட்டிக்கு "இங்கே போகலாம்" என்றே படும். பழைய கைலித் துணி ஒன்றை ஒற்றையாக விரியுங்கள். அதையும் நனைத்தால் சில நாள் வெறும் தட்டோடு விடுங்கள்.

இனி சாப்பாடு கூண்டுக்குள், கதவு திறந்தபடி. இரண்டு மூன்று நாளில் தானாக உள்ளே ஓடுவாள். அப்புறம் சாப்பிடும்வரை கதவைச் சாத்துங்கள், முடித்ததும் திறந்து நேராக வெளியே. அடுத்து பத்து நிமிடம், அரை மணி நேரம் என்று கூட்டுங்கள். ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள்: வெளியே போய்விட்டு வந்த குட்டியைத்தான் உள்ளே விட்டுச் சாத்த வேண்டும். கோபத்தில் ஒருநாளும் கூண்டில் போடக்கூடாது. உங்கள் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள், அவள் உள்ளே இருக்கும்போது கம்பிக்குள் விரலை விட்டுச் சீண்டக்கூடாது.

வெயிலை நினைத்து எனக்குக் கவலை. நம் ஊரில் மதியம் 33 பாகை என்பது சாதாரணம், தகரக் கூரைக்குக் கீழே அதைவிட அதிகம். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். கூண்டை முன்வாசலில், கார் நிறுத்தும் இடத்தில் வைக்காதீர்கள், கனத்த போர்வையால் மூடாதீர்கள். காற்றோட்டமும் நிழலும் தண்ணீரும் இல்லாத இடத்தில் மூடி வைத்த குட்டி ஒரே பிற்பகலில் செத்துப்போகலாம். வாயைப் பிளந்து வேகமாக மூச்சு வாங்கி, எச்சில் ஒழுகி, ஈறு சிவந்து, தள்ளாடினால் குழாய்த் தண்ணீரால் நனைத்து, விசிறிக் காற்றில் வைத்து, உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சரி, இப்போது சாமி மேடை. அவள் வேண்டுமென்று செய்யவில்லை, நம்புங்கள். படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் தள்ளி, அமைதியாக இருக்கும் மூலையைக் குட்டிகள் தேடும். உங்கள் வீட்டில் அது சாமி மேடையாக அமைந்துவிட்டது. ஒரு தடவை போன பிறகு அந்த வாசனையே அவளை மறுபடி கூப்பிடுகிறது. நம் மூக்குக்குத் தெரியாமல் போனாலும் அவளுக்குத் தெரியும்.

அதனால் துடைக்கும் முறை முக்கியம். முதலில் பேப்பரால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். பிறகு செல்லப்பிராணி கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவத்தை ஊற்றி, புட்டியில் போட்டிருக்கும் நேரம்வரை ஊறவிட்டுத் துடையுங்கள். சிறுநீரில் உள்ளதை அது உடைத்துவிடும். அது கிடைக்காவிட்டால் வினிகரும் தண்ணீரும் சம அளவு. சிமெண்டுத் தரை என்றால் உறிஞ்சியிருக்கும், இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். அம்மோனியா கலந்த தரைத் திரவம் வேண்டாம், அந்த வாசனை சிறுநீர் வாசனைக்கு நெருக்கம். குளோராக்ஸ் போன்ற வெளுப்புத் திரவத்தை ஈரமான சிறுநீர் மேல் ஊற்றவே ஊற்றாதீர்கள், கிளம்பும் ஆவி உங்கள் நெஞ்சுக்கும் கெடுதல். மஞ்சள் தண்ணீர் தெளிப்பது உங்கள் மனநிறைவுக்காக, தாராளமாகத் தெளியுங்கள். ஆனால் வாசனையை எடுக்கும் வேலையை முதலில் முடித்துவிட்டுத் தெளியுங்கள். அடுத்த ஒரு மாதம் அந்தப் பக்கமே அவள் போகாதபடி ஒரு தடுப்பு வையுங்கள். வீட்டுக்குள் அவிழ்த்துவிட்டிருக்கும் நேரமெல்லாம் யாராவது ஒருவர் கண் அவள் மேல் இருக்க வேண்டும். யாராலும் முடியாவிட்டால் கூண்டு, அல்லது பின்கட்டு.

எப்போது வெளியே கொண்டுபோவது என்பதை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்டுப் பதினைந்து நிமிடத்துக்குள், விளையாடி முடித்ததும், படுக்கும் முன். இவை தவிர, விழித்திருக்கும் நேரத்தில் முக்கால் மணிக்கு ஒருமுறை. காலையில் நீங்கள் எழுந்ததும் அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். நடக்கவிட்டால் வாசல் போய்ச் சேர்வதற்குள் நடுவழியில் குந்திவிடுவாள். ஒரே இடம், ஒரே சொல். நீங்கள் ஒரு சொல், மகன் ஒரு சொல், பாட்டி ஒரு சொல் என்று சொன்னால் அவளுக்குப் புரியாது. போய் முடித்த அந்த நொடியிலேயே, அந்த இடத்திலேயே, உப்புப் போடாமல் அவித்த கோழித் துணுக்கு ஒன்று கொடுத்துக் கொஞ்சுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குக் கிடைத்ததாக நினைப்பாள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கறிவேப்பிலை மரத்தடியும் கீரைப் பாத்தியும் வேண்டாம். குட்டிகளின் குடலில் உருண்டைப்புழுவும் கொக்கிப்புழுவும் இருக்கும். அந்த முட்டைகள் மண்ணில் கலந்தால் வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளுக்கும் வரும். துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் ஒரு மூலை போதும். மலத்தை உடனுக்குடன் அள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், பின்சந்து வாய்க்காலில் கழுவித் தள்ளாதீர்கள். அது அடுத்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் ஓடும். பக்கத்தில் மலாய்க் குடும்பம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் அவர்கள் மார்க்க முறைப்படி மண்ணும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டியிருக்கும். நாம் வேலியை ஒழுங்காக வைத்தால் அந்தச் சங்கடமே அவர்களுக்கு வராது.

தடுப்பூசி முடியும்வரை, அதாவது சுமார் 16 வாரம்வரை, தெரு ஓரப் புல்லிலோ திடலிலோ இறக்கிவிட வேண்டாம். குட்டிகளுக்குக் கடும் வாந்தி பேதியைக் கொண்டுவரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அது தாக்கிய குட்டிகளைக் காப்பாற்றப் போராடித் தோற்ற இரவுகள் எனக்கு நிறைய உண்டு, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் ஊசி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இன்னும் போடவில்லை என்றால் இந்த வாரமே போய்விடுங்கள். 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். பூச்சி மருந்தும் அப்போதே கேளுங்கள்.

மூன்றாவது, உங்கள் கணவர். அவரைப் பார்த்ததும் சொட்டுவது ஒண்ணுக்கு வந்ததால் அல்ல. "நான் சின்னவள், என்னை ஒன்றும் செய்துவிடாதே" என்று குட்டி பெரிய நாயிடம் சொல்லும் முறை அது. காதைப் பின்னால் மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, சில நேரம் மல்லாந்து படுத்து விடுவாள், கவனித்துப் பாருங்கள். அவர் அதட்ட அதட்ட இன்னும் அதிகமாகத்தான் வரும், ஏனென்றால் அவள் இன்னும் அதிகமாக மன்னிப்புக் கேட்கிறாள். மூக்கைத் தேய்ப்பதும் அப்படியே. நாய்க்குத் தண்டனை எந்த நொடியில் கிடைக்கிறதோ அந்த நொடியில் நடப்பதோடுதான் முடிச்சுப் போடத் தெரியும். அரை மணிக்கு முன் போனதற்கு இப்போது அடித்தால், "அப்பா வந்தால் வலிக்கும்" என்பது மட்டும்தான் பாடம். சில குட்டிகள் இதிலிருந்து இன்னொன்றும் கற்றுக்கொள்ளும்: மனிதர் பார்க்கும்போது போகக்கூடாது. பிறகு வெளியே கொண்டுபோய் நின்றால் போகாது, உள்ளே வந்து சோபாவுக்குப் பின்னால் போகும்.

அவரிடம் நான் கேட்டுக்கொள்வதாகச் சொல்லுங்கள். ஆலையில் எட்டு மணி நேரம் சூட்டிலும் இரைச்சலிலும் நின்றுவிட்டு வருபவருக்கு வாசலில் ஈரம் மிதிபட்டால் கோபம் வரும், எனக்குப் புரிகிறது. வந்ததும் அவளைப் பார்க்க வேண்டாம், கூப்பிட வேண்டாம், மேலே குனிய வேண்டாம். நேராகப் பின்கதவுக்கு நடந்து, வெளியே புல்லில் போய்ப் பக்கவாட்டில் குந்தி உட்காரட்டும். ராணி அவரிடம் வருவாள். மெதுவாக நெஞ்சுப் பக்கம் தடவட்டும், தலைக்கு மேலே கை போக வேண்டாம். இந்தச் சொட்டும் பழக்கம் பயம் குறையக் குறையப் போய்விடும். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் சுவடே இருக்காது. இரவு 11 மணிக்கு ஷிப்ட் முடிந்து வரும் வாரங்களில் அவரே ராணியை வெளியே கொண்டுபோய் வந்தால் உங்களுக்குத் தூக்கம் மிச்சம், அவளுக்கும் அவர் மேல் நம்பிக்கை வரும்.

ராத்திரி அழுகைக்குக் கூண்டை உங்கள் படுக்கைப் பக்கத்தில் வையுங்கள். நேற்றுவரை உடன்பிறப்புகளோடு ஒட்டிப் படுத்த குட்டி தனியறையில் அழாமல் என்ன செய்யும்? கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தால் சில நாளில் அடங்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைக்கலாம். தூங்கிக் கொண்டிருந்தவள் திடீரென எழுந்து முனகிச் சுற்றினால் அது வெளியே போக. விளக்கைப் போடாமல், பேசாமல், கொண்டுபோய்க் கொண்டு வாருங்கள். விளையாட்டுக் காட்டினால் நாளைக்கு அதற்காகவே எழுப்புவாள். இந்த வயதில் இரவில் ஒரு தடவை எழுந்தே ஆக வேண்டும்.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பசும்பாலும் டின் பாலும் பல குட்டிகளுக்கு வயிற்றைக் கலக்கும். வயிறு இளகினால் எந்தப் பயிற்சியும் நிற்காது. வெங்காயம், பூண்டு போட்ட குழம்புச் சோறு கூடாது. பிள்ளைகள் குடித்து மிச்சம் வைக்கும் மைலோவில் கொக்கோ இருக்கிறது, அது நாய்க்கு நஞ்சு. குட்டித் தீனியை ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்து நேரப்படி வைத்து, பதினைந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். உள்ளே போகும் நேரம் ஒழுங்கானால் வெளியே வரும் நேரமும் ஒழுங்காகும். தண்ணீரைப் பகலில் ஒருபோதும் குறைக்காதீர்கள்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். தாயோடு சரியாக வளர்ந்த குட்டி நான்கு மாதத்தில் ஓரளவு பழகி, ஆறு மாதத்தில் நம்பி விடும் அளவுக்கு வந்துவிடும். ராணிக்குப் பழையதை மறக்கவும் சேர்த்துக் கொஞ்சம் கூடும். மழைக்காலப் பிற்பகல்களில் இடிக்குப் பயந்து வெளியே போக மறுப்பாள், அப்போது நாலு நாள் பின்னடைவு வரும். குடையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் கூட நில்லுங்கள். ஒரு மாதம் தொடர்ந்து வீட்டுக்குள் ஒரு தடவையும் போகவில்லை என்றால் பின்கட்டுப் பேப்பரை எடுத்துவிடலாம், ஒவ்வோர் அறையாகத் திறந்துவிடலாம். கூண்டுக் கதவை அப்போது முழுக்கத் திறந்தே வைக்கலாம். பல நாய்கள் வளர்ந்த பிறகும் தாமாக அதற்குள் போய்த்தான் தூங்கும்.

ஒன்று மட்டும் பயிற்சிக் கணக்கில் சேராது. அடிக்கடி குந்தி முக்கிச் சில சொட்டு மட்டும் விடுவது, சிறுநீரில் இரத்தம், கெட்ட வாடை, அடிவயிற்றைத் தொட்டால் கத்துவது, அல்லது நன்றாகப் பழகிவந்தவள் திடீரென்று மாறுவது. பெட்டைக்குட்டிகளுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும், கூண்டில் ஈரத்தில் படுத்தவளுக்கு இன்னும் எளிது. ஊசிக்குப் போகும்போது அன்று காலையில் பிடித்த சிறுநீர் கொஞ்சம் சுத்தமான புட்டியிலும், மலம் கொஞ்சம் இன்னொன்றிலும் எடுத்துக்கொண்டு போங்கள். அவள் குந்தும்போது ஒரு தட்டையான தட்டைப் பின்னாலிருந்து நீட்டினால் பிடித்துவிடலாம். உங்கள் மகனிடம் அந்த வேலையைக் கொடுங்கள்.